நீலாவின் ஈரச்சடை

நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது சிங்காரத்தின் மனைவி நீலாயதாட்சியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. நடுக்கடலில் பேதி கண்டு அது இறந்தது. மாலுமிகள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். நீலா அழவில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கப்பல் விளிம்பிலேயே கிடந்தாள். குன்றின்மேல் வெள்ளைக்காரனின் கொடி பறக்க மலாக்கா தெரிந்தபோது, அவள் முடி சீப்பு இறங்காதபடி திரிதிரியாகச் சடை விழுந்திருந்தது.

"அம்மன் சடை. கத்தி படக்கூடாது" என்றார் காஜா பேராங் தெருக் கோயில் பூசாரி. அந்தத் தெருவிலேயே மீனாச்சி என்ற, மலாய் பேசும் மலாக்காச் செட்டிப் பெண்ணின் வீட்டுப் பின்கட்டில் இருவரும் குடியேறினார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரும் மாட்டுவண்டி சிங்காரத்துக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமைகளில் வண்டி பூட்டமாட்டான். சடையைத் தூக்கி அலச அவளுக்குக் கை வலிக்கும். கிணற்றடியில் அவளை உட்காரவைத்துப் பூந்திக்கொட்டை நுரையை அவனே வேர்க்காலில் விட்டுத் தேய்ப்பான். பக்கத்துச் சடையோடு பின்னிக்கொண்ட முடியை விரலால் பிரித்து, அதனதன் சடையில் சேர்த்து உருட்டிவிடுவான். பிறகு துணியில் பொதிந்து பிழிவான். உள்ளே ஈரம் தங்கினால் பூசணம் பிடித்து நாறும் என்பதால் வெயிலில் காயவைத்து, சாம்பிராணியும் காட்டுவான். எண்ணெய் மட்டும் மிகக் கொஞ்சம். இந்த வேலையில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. குழந்தையின் பெயரைக் கரையேறியபின் அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மழை விட்டுப்போன மாதம் அது. ஒரு சனிக்கிழமை காலை, நன்றாகக் காய்ந்திருந்த சடைகளில் பிடரியோரத்துச் சடை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிழிந்தான். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

"கடக்கரைக்குப் போனியா?"

"நான் எங்கங்க போனேன்? வாசல்கூடத் தாண்டல."

மறுநாளும் நனைந்திருந்தது. அதற்கடுத்த நாள், பிழிந்த துணியில் பொடிமணல் ஒட்டியிருந்தது. கிணற்றுநீரில் எத்தனை தடவை அலசினாலும் அந்தச் சடையில் கடல் வாடை போகவில்லை.

"கனம் தாங்கலங்க" என்றாள் நீலா. "யாரோ புடிச்சுத் தொங்குற மாதிரி இருக்கு."

அவள் ஒருபக்கமாகச் சாய்ந்து நடக்கத் தொடங்கினாள். நடக்கும்போது அந்தச் சடையின் நுனியைக் கைக்குள் பொத்திக்கொள்வாள். உலை வைக்கும்போதும் விடமாட்டாள். அந்த ஒரு சடையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிங்காரம் நினைத்தான்.

ஒரு மத்தியானம் அவள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மீனாச்சியின் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போனான். கதவோரம் நின்ற மீனாச்சி மலாயில் கெஞ்சினாள்: "ஜாங்கான் போத்தோங், சிங்காரம்! வெட்டாதே!"

அவன் கேட்கவில்லை. பிடரிச் சடையைத் தூக்க அதன் அடியில் விரலை நுழைத்தான். சடை விரலைச் சுற்றி இறுகியது.

இழுத்தான். விடவில்லை. முடி சிக்கிக்கொண்ட இறுக்கமாக அது இல்லை. ஈரமாக, குளிர்ந்து, விட்டுவிட்டு அழுத்தியது. பால் குடிக்கும்போது குழந்தை இப்படித்தான் அவன் விரலைப் பிடித்துக்கொள்ளும். கத்தரி கையிலிருந்து நழுவியது. பிடுங்கிக்கொண்டு ஓடவேண்டும் போலவும், அப்படியே இருக்கவேண்டும் போலவும் இருந்தது. உட்கார்ந்துவிட்டான்.

நீலா கண் திறக்காமலே கேட்டாள்: "உங்களையும் புடிச்சிட்டாளா?"

"உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நீங்க அவளப் பேரு சொல்லிக் கூப்பிடுவீங்கன்னுதான் இருந்தேன்."

அவன் சடையின்மேல் குனிந்து கூப்பிட்டான்: "அஞ்சுகம்... அப்பா இங்கதாம்மா இருக்கேன்."

பிடி மெல்லத் தளர்ந்தது. நீலா எழுந்து உட்கார்ந்து, கப்பலில் அழாத அழுகையையெல்லாம் அழுதாள். அவனும் அழுதான்.

வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அந்தச் சடை வேரோடு கழன்று அவன் கையில் விழுந்தது. தண்ணீர் ஊற்றியும் நனையாமல், தென்னந்தும்பு போல லேசாக இருந்தது. கழன்ற சடையைக் கடலில் விடுவதுதான் முறை என்றாள் மீனாச்சி.

"மறுபடியும் கடல்லயா?" என்றாள் நீலா. "வேணாம். மண்ணுல வைப்போம்."

கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் சிங்காரம் குழி தோண்டினான். நீலா தன் சேலையில் கிழித்த துணியில் சடையைச் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே வைத்தாள். மற்ற சடைகள் அவள் தலையிலேயே இருந்தன. அவற்றை அவன் வழக்கம்போல அலசினான். இப்போதெல்லாம் அலசும்போது இருவரும் பேசிக்கொண்டார்கள், பெரும்பாலும் அஞ்சுகத்தைப் பற்றி.

கொல்லை முழுவதும் கிளறித் திரியும் மீனாச்சியின் கோழிகள் அந்த வாழையடிக்கு மட்டும் போவதில்லை. சற்றுத் தள்ளியே நின்று, தலையைச் சாய்த்து, எதையோ கேட்பதுபோல் நிற்கும். நீலா அவற்றை விரட்டமாட்டாள். "சத்தம் போடாதீங்க" என்பாள்.