பதினேழாம் நம்பர் மெஷினுக்குக் கூச்சம்

ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்த மறுநாள் காலை, நூற்பாலையின் பதினேழாம் நம்பர் மெஷின் சிரித்தது. அறுந்த நூலை முடிச்சுப் போட எட்டு வயதுப் பையன் ஒருவன் கையை உள்ளே விட்டதும் கிக்கிக்கியென்று ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் முப்பத்தாறு மெஷின்களும் குலுங்கின. எண்ணெய் விட்டுப் பார்த்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "மெஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க. கூசுது," என்றார். முதலாளி லேசுப்பட்டவரா? பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டினார், இன்னும் கூசியது. எல்லோருக்கும் பன்னிரண்டு வயது என்று சான்றிதழ் வாங்கி வந்து மெஷினுக்கு முன்னால் நீட்டினார். அது தரையில் உருளாத குறை. இத்தனை நாளும் வாசலிலேயே குளிர்பானம் குடித்துவிட்டுத் திரும்பிய தொழிற்சாலை ஆய்வாளருக்கும், தெருமுனை வரை கேட்கும் சிரிப்பைக் கேட்காததுபோல நடிக்க முடியவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகள் அன்று சாயங்காலமே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சுண்டு மட்டும் போகவில்லை. சுண்டுவிரலாலேயே முடிச்சுப் போடுவதால் அந்தப் பெயர். அவளுக்கு ஒன்பது முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூட ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் நடை தானாக மெதுவாகிவிடும் பெண். அவள் கை பட்டால் மெஷின் கம்மென்று இருந்தது. இரண்டு வருஷம் கழித்துச் சட்டம் பதினொன்றுக்கு ஏறியது. பாவம், அவளுக்குப் பதினொன்று முடிந்து ஒரு மாதம். "இந்தச் சட்டம் எங்க நின்னு வேடிக்கை பாத்துட்டு வருது?" என்று அதே ஆலையில் பஞ்சு பிரிக்கும் அம்மா புலம்பினாள். "நான் வேணா கொஞ்சம் மெதுவா வளரட்டுமாம்மா?" என்றாள் சுண்டு. அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கடைசியில் பதினான்கு என்று சட்டம் வந்தபோது, அவளுக்குப் பதினான்கு ஆக இருபது நாள் இருந்தது. மறுநாள் அவள் விரல் பட்டதும் பதினேழு சிரித்த சிரிப்பில் கூரை ஓடு நான்கு கழன்று விழுந்தது. "அம்மா, எனக்கும் சிரிச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். தலையில் ஒட்டிய பஞ்சோடு, ஒன்றாம் வகுப்பில் ஆறு வயசுக்காரர்களுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். இருபது நாளில் பாதி எழுத்துகள் வந்துவிட்டன.

இருபத்தோராம் நாள் ஆலை மேஸ்திரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வயசு ஆயிடுச்சுல்ல, கிளம்பு கண்ணு." சிலேட்டைப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். ஆலையில் அம்மா பதினேழு இருந்த பக்கமே பார்க்கவில்லை. சுண்டு கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். மெஷின் சிரித்தது. மேஸ்திரி சான்றிதழை மூன்று தடவை படித்தார். பதினான்கு, சந்தேகமே இல்லை. மெஷின் கேட்பதாயில்லை. ஆய்வாளரைக் கூட்டிவந்தார்கள். "சிரிச்சா வீட்டுக்கு அனுப்பணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்றார் அவர். அம்மா பஞ்சுக் குவியலிலிருந்து எழுந்து வந்து, "அதுக்கு நீ இன்னும் குழந்தைதாண்டி. ஓடு, மணி அடிச்சிடப் போறாங்க," என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

மீதி எழுத்துகளும் வந்தன. சுண்டு இப்போது அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வயது ஐம்பத்திரண்டு, முழங்கால் வலி உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஆலைக்குப் போய்ப் பதினேழைத் தொடுகிறாள். அது சிரிக்கிறது. யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்து மெஷின்காரர் மட்டும், "போதும் விடுங்க டீச்சர், நூல் அறுந்துடும்," என்பார்.