பொங்கிய பவளம்

குத்துவிளக்கைத் துலக்கி முடித்த கையோடு, கிண்ணத்தில் மிஞ்சிய எலுமிச்சைச் சாற்றில் பவள மாலையையும் போட்டாள் நாகேஸ்வரி. மாலையின் கொக்கி கறுத்திருந்தது. விளக்கைப்போல அதுவும் பளிச்சிடும் என்று நினைத்தாள். கிண்ணம் சோடாப் போத்தல்போல நுரைத்தது. பதறி எடுத்துப் பார்த்தால், கொக்கி மின்னியது. இருபத்தேழு பவளமும் வெள்ளையடித்த சுவர்போல மங்கிக் கிடந்தன.

மாலை மாமியார் சிவக்கொழுந்துடையது. போன வருடம் சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடல் கடந்து வெள்ளவத்தைக்கு வந்தபோது, பவுடர் டின்னுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. இன்று பின்னேரக் கலியாணத்துக்குப் போடும்படி மருமகளிடம் முதல்முறையாகத் தந்திருந்தார். கோயிலுக்குப் போனவர் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவார்.

மாலையை ஏந்திக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினாள். அங்கே அவளுடைய சிநேகிதி ஹபீலா, தேங்காய்ச் சிரட்டையில் பொத்தான் வெட்டி மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்க புள்ள. சாறு பட்டதும் பொங்கினதா?"

"ஓம்."

"அப்ப சந்தோசப்படுங்க! கண்ணாடி பொங்காது, பிளாஸ்டிக்கும் பொங்காது. இது மெய்யான பவளம்."

கடலில் கடுகளவு உயிர்கள் கூடிக் கட்டிய வீடுதான் பவளம் என்றாள். முட்டைக் கோது, சிப்பி, முத்து எல்லாம் அதே சாதி. புளிப்புப் பட்டால் கரைந்து, காற்றாய்க் குமிழிவிடும். "தோல் மட்டுந்தான் போயிருக்கு. உள்ளுக்க நிறம் அப்படியே இரிக்கும்."

மிக மெல்லிய அரத்தாளை நனைத்து ஒரு மணியை வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பிறகு பருத்தித் துணியில் பற்பசை. கடைசியாக ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். மங்கலுக்கு அடியிலிருந்து செக்கச் சிவந்த பவளம் எட்டிப் பார்த்தது. நாகேஸ்வரிக்கு மூச்சு வந்தது. இருவரும் போட்டி போட்டுத் தேய்த்தார்கள்.

பத்தொன்பதாவது மணியில் வாசலில் நிழல் விழுந்தது. சிவக்கொழுந்து.

"மாமி, நான் தெரியாமல் தேசிக்காய்ப் புளிக்குள்ளை போட்டிட்டன். பொங்கி மங்கிப்போச்சு..."

"என்ன? பொங்கினதோ?"

"ஓம், மாமி. கண்ணாடியெண்டால் பொங்காதாம்."

சிவக்கொழுந்து கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "என்ரை மச்சாள் மயிலம்மா முப்பது வருசமாய் இதைக் கண்ணாடி எண்டு நக்கலடிக்கிறாள். எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது பிள்ளை. உனக்குத் தரவும் வெக்கமாய்க் கிடந்தது. எங்கை, எனக்கும் ஒருக்காக் காட்டு!"

ஹபீலா தேசிக்காய் ஒன்றை நறுக்கி, மினுக்காத மணி ஒன்றில் ஒரு துளி விட்டாள். சிவக்கொழுந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து வெடித்தன. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மற்றதெல்லாத்தையும் மினுக்குங்கோ. இந்த ஒண்டைத் தொடாதேங்கோ. இது நடுவிலை, முன்னுக்குத் தெரியோணும். ஏன் மங்கியிருக்கெண்டு கலியாணவீட்டிலை மயிலம்மா கட்டாயம் கேப்பாள்."