பாண்டிமீனா போட்ட பூட்டு

"மதினி, இன்னைக்கு நீங்க சோலார் தொறப்பு விழாவுக்கு வர வேண்டாம்னு தலைவர் சொல்லிட்டாக," என்றான் கொழுந்தன் பால்பாண்டி. வாசற்படியைத் தாண்டாமல், அவள் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

பயிற்சியில் கொடுத்த நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டிருந்தாள் பாண்டிமீனா. கை பாதியில் நின்றுவிட்டது.

ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் கரண்ட் போனால் தெருவிளக்கோடு குடிதண்ணீரும் போய்விடும். அதற்காகத்தான் பஞ்சாயத்துக் கட்டிடத்து மாடியில் சோலார் தகடுகளும் கீழறையில் பதினாறு பேட்டரிகளும் வந்தன. விருதுநகரில் மூன்று மாதம் சோலார் வேலை படித்துவிட்டு வந்து அத்தனைக்கும் ஒயர் பூட்டியவள் அவள்தான். ஒவ்வொரு பேட்டரியையும் இடுப்போடு அணைத்துத் தூக்கி வைத்தபோது, அவள் தாலியறுத்தவள் என்பது எவன் கண்ணிலும் படவில்லை. சுவிட்சைப் போடுகிற அன்றைக்குத்தான் பட்டதாம். இதுவும் விளக்கேற்றுகிற மாதிரிதானாம், சுமங்கலி கைதான் வேண்டுமாம். பட்டாசுக் கம்பெனி வெடித்துப் புருஷன் செத்ததற்கு இவள் கை என்ன செய்யும்? அந்தக் கம்பெனிக்காரன் கை மட்டும் இன்னும் ராசியான கைதான். விழாவில் முன்வரிசை நாற்காலி அவனுக்கு.

சட்டையைக் கழற்றாமல் வீட்டிலேயே உட்கார்ந்தாள். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்ட வேண்டும், பூட்டியவரே சாவியை வைத்திருக்க வேண்டும் என்பது அவள் படித்த பாடம். நேற்றே பூட்டியிருந்தாள். சாவி முந்தானை முடிச்சில் கிடந்தது.

சாயங்காலம் தலைவர் சங்கரபாண்டியனின் மனைவி யோகேஸ்வரி, பொட்டும் பூவுமாக வந்து சூடம் காட்டிச் சுவிட்சை அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. மறுபடியும் அமுக்கினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

தலைவரே பாண்டிமீனா வீட்டுக்கு நடந்து வந்து சாவியைக் கேட்டார். பூட்டியவள்தான் திறக்க வேண்டும் என்றாள். அப்படியானால் கூட்டம் கலைந்த பிறகு பின்வாசல் வழியாக வந்து திறந்துவிடச் சொன்னார்.

"கூட்டம் இருக்கும்போதே வாரேன் மாமா. முன்வாசல் வழியா."

வந்தாள். யோகேஸ்வரியைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தாள். மெயினை ஏற்றி, சுவிட்சையும் தானே போட்டாள். தெரு முழுக்க விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. சனம் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டது. யோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்க இந்தக் கைதான் பேட்டரியத் தொடணும். ஆகாதுன்னா இப்பவே சொல்லுங்க, அமத்திட்டுப் போயிருதேன்."

சனம் குடம் எடுக்க வீட்டுக்கு ஓடியது. குழாயடியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியிருந்தது. முதலில் நிறைந்தது யோகேஸ்வரி வீட்டுக் குடம்தான்.