வேணாம் என்று சொன்னவர்

உலகக் கடல்கள் அனைத்தும் ஒரு நிமிடம் அலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. கடலுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஆவடியில் சீரோடும் சிறப்போடும் இயங்கிவரும் ஆழ்கடல் முக்குளிப்பு மன்றத்தின் மூத்த உறுப்பினரும், பீரங்கி வண்டித் தொழிற்சாலையின் ஃபிட்டருமான திரு. பூபாலன் அவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடல்மட்டத்துக்குப் பல அடி மேலே, குவார்ட்டர்ஸ் சமையலறை வாசலில், கையில் பால் பாக்கெட்டோடு காலமானார்.

செய்தியின் கடைசிப் பகுதி மன்றத் தலைவர் கஜபதிக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஃப்ளெக்ஸில் அது இல்லை.

"இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு மாமே. காலு தெரில பாரு," என்று ஷாமியானா கம்பத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார் அவர். அவர் சொன்னது அவருடைய காலைத்தான். முக்குளிப்பு உடையில், நெற்றிக்கு ஏற்றிய நீர்க்கண்ணாடியோடு, ஃப்ளெக்ஸில் ஆளுயரத்துக்கு நின்றவர் கஜபதி. இறந்தவர் மேல்மூலையில் பாஸ்போர்ட் சைஸில் சிரித்தார். கீழே, 'கடலன்னையின் மடியில் துயில்கொண்ட வேங்கையே!'

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஷர்மிளா அதைப் படித்தாள். பூபாலனின் ஒரே மகள். அப்பாவின் போன் அவள் மடியில் கிடந்தது. அதில் முந்தின நாள் சாயங்காலம் மன்றத்தின் வாட்ஸப் குழுவில் வந்த கடைசிச் செய்தி, இதே கஜபதி எழுதியது: 'ஒருவரின் கோழைத்தனத்தால் சீசனின் முதல் இறக்கம் பாழ்.' அதற்குக் கீழே, 'கஜபதி உங்களை நீக்கினார்.'

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை விடியலில் வேன் பிடித்துப் பாண்டிச்சேரி போனார்கள். சீசன் தொடங்கிவிட்டதாகத் தலைவர் அறிவித்திருந்தார். வானத்துக்கு மட்டும் தகவல் போகவில்லை. திண்டிவனத்தில் தூறல், பாண்டியில் வெயில், படகு ஏறியதும் மறுபடி மூட்டம். கரை மறைந்த இடத்தில் நங்கூரம் போட்டு, எல்லோரும் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தபோது பூபாலன் சொன்னார்: "வேணாம்."

மன்றத்தில் ஒரு விதி உண்டு. படகில் யாராவது ஒருவர் வேணாம் என்றால் படகு திரும்ப வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கஜபதியே எங்கிருந்தோ கொண்டுவந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது. ஆயுத பூஜைக்கு சிலிண்டர்களோடு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சட்டம் மாட்டிய நாளிலிருந்து அதை யாரும் பயன்படுத்தியதில்லை, தெய்வப் படங்களைப் போலவே.

படகு திரும்பியது. கரை தொட்டதும் மேகம் கலைந்து, கடல் கழுவிக் கவிழ்த்த தட்டாகக் கிடந்தது.

"ஏன்பா வேணாம்னு சொன்ன?" என்று ராத்திரி ஷர்மிளா கேட்டாள். கோழை என்ற சொல்லைப் படித்துவிட்டு அவள்தான் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கக் கூடாதுன்றதுதாம்மா ரூலு," என்று சிரித்தார். பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு மனைவி மைதிலியிடம், "வாயு புடிச்சிக்கினு உட மாட்டேங்குது. ஓம வாட்டர் இருக்கா?" என்றார்.

காலையில் வந்த டாக்டர், "ஹார்ட் அட்டாக். நேத்து மத்தியானமே ஆரம்பிச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டதிலிருந்து கோகுல்நாத் வாசற்படியைவிட்டு எழவில்லை. தண்ணீருக்குள் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். பூபாலனுக்கு ஜோடி அவன். போன மாதம்தான் அப்பாவானவன்.

"அக்கா," என்றான் ஷர்மிளாவிடம். "படகுல அண்ணாத்தே என் சிலிண்டர் வாரை இறுக்கிக்கினு இருந்தாரு. டக்குனு கை நின்னுச்சு. என் மூஞ்சியவே பாத்தாரு. அப்பால நெஞ்சு மேல கைய வச்சிக்கினு, வேணாம்னாரு." தன் தோளில் வார் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். "அடியில அவருக்கு எதுனா ஆயிருந்தா நான் உட்டுட்டு மேல வந்திருக்க மாட்டேன்க்கா. அது அவருக்குத் தெரியும்."

மைதிலி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தன் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை அவனிடம் நகர்த்தினாள்.

எடுப்பதற்கு முன் தலைவர் மைக் பிடித்தார். "வானத்தை வாசித்த வல்லவர்! வரவிருந்த புயலை நொடியில் உணர்ந்து, மன்றத்தையே காத்த மாவீரர்..."

"எந்தப் புயல் அங்கிள்?"

ஷர்மிளா எழுந்து நின்றிருந்தாள். மேளக்காரர்கூட கையை நிறுத்திவிட்டார்.

"வெயில் அடிச்சுது. கூலிங் கிளாஸ் போட்டுக்கினு செல்ஃபி அனுப்பினீங்களே."

"இன்னாம்மா இது... பெருமையாதானே சொல்றேன்?"

"புயல் வந்தா யார் வேணா திரும்பலாம். அவ்ளோ பேரு முறைக்கிறப்போ, ஒரு காரணமும் சொல்லாம, வேணாம்னு சொன்னாரு எங்கப்பா. புயலைக் குடுத்து அதச் சின்னதாக்காதீங்க. நேத்து எழுதினீங்களே ஒரு வார்த்தை, அத இப்ப எடுங்க. எங்கப்பா காதுல விழணும்."

கஜபதி மைக்கைப் பார்த்தார். அவருடைய செந்தமிழ் முழுவதும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது போலிருந்தது. பிறகு மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு ஐஸ் பெட்டியருகே வந்தார்.

"பூபாலா, கோழைன்னு சொன்னது தப்புதான்பா. ஏன்னு கேட்டு உன்ன நோண்டிக்கினே வந்தேன். கேக்கக் கூடாதுன்னு சட்டம் மாட்டுனவனே நான்தான்."

தன் போனை எடுத்து எதையோ தேடித் தடவினார். ஷர்மிளாவின் கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. 'கஜபதி உங்களைச் சேர்த்தார்.' அவள் அதை அம்மாவிடம் காட்டினாள். மைதிலி முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். முன்பக்கம் கோகுல்நாத் தோள் கொடுத்தான். தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். ஷர்மிளா அங்கே முதுகை நிமிர்த்தி நின்றாள், பள்ளி விழா மேடையில் அப்பாவின் பெயரைக் கூப்பிடக் கேட்ட சிறுமியைப் போல.

அப்போதுதான், இந்த மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை, சடசடவென்று கொட்டியது.

"கொடை புடிங்கடா யாராவது," என்றாள் மைதிலி.

யாருக்கும் கேட்கவில்லை. மன்றத்தின் கடல் வேங்கைகள் ஷாமியானாவுக்கு ஓடினார்கள். அதுவும் ஒழுகத் தொடங்கவே, தலைவர் ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னார். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு, கஜபதியின் ஆளுயரக் கால்களுக்கடியில் நெருக்கியடித்து நின்றார்கள்.

மேளமும், அதன் பின்னால் கோகுல்நாத்தின் தோளில் பாடையும் தெரு திரும்பி மறைந்தன.

ஆழ்கடல் முக்குளிப்பு மன்றத்தில் அந்த சீசனில் முதலில் நனைந்தவர்கள் இரண்டு பேர்.