குடிப்பழக்கம் என்று ஒரு வரி

ஒரு வரிதானேம்மா என்றார் முத்துராமலிங்கம் வக்கீல்... மனுதாரர் குடிப்பழக்கம் உள்ளவர், அவ்வளவுதான், பதில் மனுவில் அந்த ஒரு வரி இருந்தால் பிள்ளை உங்களை விட்டுப் போகாது என்றார், கெட்ட மனிதர் ஒன்றுமில்லை, ராஜபாளையத்தில் பெயரெடுத்தவர், வேலுத்தாய் அழுதபோது தன் பக்கமிருந்த மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தவர், பிறகு ஏன் நான்கு நாளாக அந்த வரி நெஞ்சுக்குள் உறுத்துகிறது, பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து ஓடுகிறது, இடது பக்கம் மலையும் கூடவே வருகிறது, பத்து மணிக்குக் கோர்ட்டு வாசலில் நின்று வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும், எந்த வக்கீலின் வக்காலத்தில்? ஐயாதுரை மச்சான் குடித்து அவள் பார்த்ததே இல்லை. அக்கா மாரிசெல்வி காய்ச்சலில் போனபோது ஸ்ரீஜாவுக்கு இரண்டு வயது, மச்சான் மூன்று நாள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நாலாம் நாள் பிள்ளையைத் தூக்கி இவள் மடியில் வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போனார், கொஞ்ச நாளைக்குத்தான் என்றார், அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷம் ஆகிவிட்டது... இப்போது வேறு கல்யாணம் செய்து செட்டியார்பட்டியில் வீடும் பார்த்து, என் பிள்ளையைக் கொடுங்கள் என்று மனுப் போட்டிருக்கிறார். கேட்காமல் இருப்பாரா, அவர் பிள்ளைதானே. ஆனால் மில்லில் ஷிப்டு முடிந்து இவள் வரும்போது வாசலுக்கு ஓடி வந்து அம்மா என்று ஸ்ரீஜா கட்டிக்கொள்வது யாரை?

ஜயலக்ஷ்மி வக்கீலைப் போய்ப் பார் என்று சொன்னது மில்லில் கூட வேலை பார்க்கும் வெங்கடேஸ்வரி. மறுநாளே போனாள், தேரடிக்குப் பக்கத்தில் சின்ன அறை, அந்த அம்மா ஜெயிப்போம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதுவே பயமாக இருந்தது, வக்கீல் என்றால் தைரியம் சொல்ல வேண்டாமா... பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கும், இருட்டுக்குப் பயப்படுமா, அப்பாவைப் பற்றிக் கேட்குமா என்றெல்லாம் விசாரித்தார், பிறகு அந்த வரியைப் பற்றி இவள் சொன்னதும், அவர் குடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார், இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். “அப்ப அதை எழுத வேண்டாம். பதினெட்டு வயசுல ஸ்ரீஜா இந்தக் கேஸ் கட்டை வாங்கிப் படிச்சா என்ன நினைப்பா? அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க.” யோசித்தாள், ஸ்பின்னிங்கில் அறுந்த நூலைச் சேர்க்கும்போதெல்லாம் யோசித்தாள், பொய் சொல்லாமல் பிள்ளையை இழப்பதா, பொய் சொல்லி வைத்துக்கொள்வதா, ஒரு பக்கம் நினைத்தால் மறுபக்கம் வலிக்கிறது...

பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் முடிவு வரவில்லை. கோர்ட்டு வாசலில் முத்துராமலிங்கம் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தார், வாம்மா என்று தாளை நீட்டினார், அவள் வாய் தானாகவே பேசியது. “அவிய குடிக்க மாட்டாவ ஐயா. பொய் சொல்லி எம் பிள்ளைய வச்சுக்கிட எனக்கு மனசு வரல.” அவர் கோபப்படவில்லை, தாளை மடித்துக்கொண்டு, பொறவு என்னைக் குறை சொல்லாதே என்று மட்டும் சொன்னார், அவள் கோர்ட்டுக்குள் நடந்தாள், என்ன செய்துவிட்டேன், ஜெயிக்கிற ஆளை விட்டுவிட்டேனா... வக்கீல்கள் அறையில் ஜயலக்ஷ்மி வக்கீல் வக்காலத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு ஒன்று சொன்னார், கேஸ் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வந்து பிள்ளையைப் பார்க்கட்டும், அதை நாமே கோர்ட்டில் சொல்வோம் என்று. பேனா கையில் செத்த நேரம் அப்படியே நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வேலுத்தாய் என்று எழுதினாள்.

வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் ஐயாதுரை, மடியில் ஒரு செருப்புப் பெட்டி, ஆறு வருஷத்தில் எவ்வளவு நரைத்துவிட்டார், பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள், அவரே எழுந்துவிட்டார். “வேலு... அவ காலு இப்ப எம்புட்டு இருக்கும்? குத்துமதிப்பா வாங்கிட்டேன்.” பெட்டியைத் திறந்து காட்டினார், இளஞ்சிவப்புச் செருப்பு, சின்னதிலும் சின்னது, நாலு வயதுப் பிள்ளைக்கானது, அவர் மனதில் பிள்ளை அவ்வளவுதான் வளர்ந்திருக்கிறாள் போல... சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. “இது பத்தாது மச்சான். ரெண்டாம் நம்பர் வாங்கணும். அவளுக்கு வலது கால் கொஞ்சம் பெருசு, அத வச்சுத்தான் பாக்கணும்.” அவர் பெட்டியை மூடிக்கொண்டே, மெல்ல, “மாரிக்கும் அப்படித்தான். வலது செருப்புத்தான் கடிக்கும்னு சொல்லுவா” என்றார்.

அப்படியா... இருபது வருஷம் ஒரே பாயில் படுத்தவள், அக்காவின் தாவணியை, செருப்பைக்கூட மாற்றிப் போட்டவள், இது தெரியாதே தனக்கு, அக்காவைப் பற்றி எல்லாம் தன்னிடம்தான் இருக்கிறது, பிள்ளைக்குத் தான்தான் சொல்ல வேண்டும் என்றல்லவா இத்தனை நாளும் இருந்தாள், இன்னும் என்னென்ன வைத்திருக்கிறார் இந்த மனிதர்... உள்ளே அவர்கள் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள், இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி நடந்தார்கள்.