கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோட்டு

1

இந்தக் கதையை ஒரு கல்யாணப் புகைப்படத்திலிருந்து திருடினேன். படத்தில் குடும்பமே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது, ஒருவரைத் தவிர. மணப்பெண்ணின் அப்பா, அதாவது என் சித்தப்பா, கைகள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்க்கிறார். எங்கே என்று தேடினால் படத்தின் ஓரத்தில் ஒரு மேசை. மேசை விளிம்பில் யாரோ குடித்துவிட்டு வைத்த காலிக் கிளாஸ். அவர் அதைத்தான் பார்க்கிறார்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். படம் என்னிடம் வந்துவிட்டது. அந்தப் பார்வைக்கு ஒரு கதை எழுதிவிட்டால் அவரைப் பற்றிய நினைவு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

2

முதல் வரிக்கு முயற்சிகள்:

(அ) "ஆயுள் முழுவதும் கோட்டுப் போட்ட ஒருவர், தன் முதல் கோட்டை வாங்கக் கடைக்குப் போனார்."

விடுகதை போடுகிற மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

(ஆ) "சரவிளக்குகளின் பொன்னொளியில், மௌனமே மொழியாக, தட்டேந்திய கரங்களுடன் அவர்—"

போதும். சித்தப்பா இதைப் படித்திருந்தால், "எங்க மண்டபத்துல பாதி பல்பு எரியாதுடா, நீ எங்கேருந்து பொன்னொளி கொண்டுவந்தே?" என்று கேட்டிருப்பார்.

(இ) நேராகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் சர்வர். அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களில் பரிமாறுவதுதான் தொழில். ஹோட்டல் கொடுத்த கறுப்புக் கோட்டு, இடது உள்ளங்கையில் தட்டு, வலது கை முதுகுக்குப் பின்னால். நிரம்பிய கிளாஸ்களோடு நெரிசலில் புகுந்து மறுபக்கம் வருவார், ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

"அப்பா, உங்களுக்கு ஒரு கோட்டு சூட்டு எடுக்கணும்," என்றாள் மகள். எனக்குத் தங்கை முறை.

"என்கிட்டதான் இருக்கே. ஒரு இஸ்திரி போட்டா போச்சு."

"அது ஹோட்டலோடது. அதைப் போட்டுக்கிட்டு நின்னீங்கன்னா, யாராவது காலி கிளாஸை உங்க கையில குடுப்பாங்க."

"குடுத்தா என்ன? வாங்கி வச்சிட்டுப் போறேன்."

"அதுதாம்பா எனக்குப் பயம்."

[இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். போனில் படித்துக் காட்டினேன். "நான் எங்க அழுதேன்? கத்தினேன்," என்றாள். திருத்திக்கொள்ளுங்கள். கத்தினாள்.]

3

ஆனால் எனக்கே அவள்மேல் ஒரு சந்தேகம் வந்தது. அப்பாவின் வேலையை நினைத்து வெட்கப்பட்டாளோ? அப்படியென்றால் என் வேலை சுலபம். கடைசியில் மகள் திருந்துவாள், நீங்களும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம்.

அப்படி எழுத விடாமல் ஒரு பழைய சம்பவம் குறுக்கே நிற்கிறது. சிறுமியாக இருந்தபோது, பள்ளித் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் அந்த மண்டபத்துக்கே விருந்தாளியாகப் போனாள். வேலை நேரத்தில் உறவு கொண்டாடக் கூடாது என்பது ஹோட்டல் சட்டம். சித்தப்பா தட்டோடு வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, "மேடம், ஜூஸ் எடுத்துக்கறீங்களா?" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை. அவளும் சளைத்தவளா? "தேங்க்ஸ்" என்று ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைச் சமையலறையில் நடித்துக் காட்டினார்கள். சித்தியும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும், எவர்சில்வர் தட்டில் டம்ளர் வைத்து, "மேடம்" என்றோ "சார்" என்றோதான் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அந்தச் சமையலறைக்கு ஒரே ஒரு தடவை திரும்பப் போய்த் தண்ணீர் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

ஆக, வெட்கமில்லை. ஒரு நாள் அப்பா உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாராவது அவரிடம் வந்து "சார், என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

4

கடைக்கு நான் போகவில்லை, கல்யாணத்துக்கும் போக முடியவில்லை. இந்தப் பகுதியில் பாதி தங்கை சொன்னது. மீதி, சித்தப்பா சொல்லாமல் விட்டது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது அவர் கொள்கை. மகள் சம்பளத்தில் எடுத்து வைத்திருந்ததற்கு மேல் சல்லிக்காசு கூடாது என்று கடை வாசலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பணத்துக்குக் கிடைத்தவை கடையின் பின்பக்கம் தொங்கின. எல்லாமே கறுப்பு. ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். வேலைக்குக் கிளம்பிய ஆள் தெரிந்தார்.

"கையை முன்னாடி விடுங்கப்பா."

வலது கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. முன்னால் கொண்டுவந்தார். சும்மா தொங்கிய கையை என்ன செய்வதென்று புரியவில்லை. சரி, தோள் எப்படி என்று பார்க்கலாம் என இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அக்குள்ல பிடிக்குது," என்றார்.

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "கல்யாணத்துல எதுக்கு சார் இப்படிக் கையைத் தூக்கப் போறீங்க?"

பக்கத்தில் துணியைக் குடைந்துகொண்டிருந்த ஒருவர் சித்தப்பாவைப் பார்த்து, "இதுல ஒரு சைஸ் பெருசு இருக்குமா?" என்றார். "இதோ பாக்கறேன் சார்," என்று போய்த் தேடி எடுத்து, தோளில் இருந்த தூசியைத் தட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்த பிறகுதான் சித்தப்பாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. சிரித்துக்கொண்டே திரும்பினார். மகள் சிரிக்கவில்லை.

"கறுப்பு வேண்டாம்பா," என்றாள். இந்தத் தடவை கத்தவில்லை.

கறுப்பல்லாதவை முன்பக்கம் தொங்கின. விலையைப் பார்த்ததுமே சித்தப்பா கையை எடுத்துவிட்டார். கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போய்விட்டாராம். கத்தரிப்பூ நிறம்.*

"இதைப் போட்டா என்னை யாரும் சர்வர்னு நினைக்க மாட்டாங்கம்மா. மேஜிக் காட்ட வந்தவன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். மேஜிக்காரன் கையில யாரும் எச்சி கிளாஸைக் குடுக்க மாட்டாங்க."

போட்டார். அவருக்கென்றே தைத்த மாதிரி உட்கார்ந்தது. ஹோட்டல் கோட்டில் பைகளை ஊசிநூலால் மூடியிருப்பார்கள், யாரும் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று. இதில் பைகள் திறந்திருந்தன. இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். இவ்வளவு காலம் கழித்துக் கைகளுக்கு ஓர் இடம் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

"அன்னைக்கு ஒரு கிளாஸைக்கூடத் தொடக் கூடாது. வாக்குக் குடுங்க."

"கைக்கு வாக்குக் குடுக்கறேன். கண்ணுக்கு முடியாதும்மா. அது பாக்கத்தான் செய்யும்."

* தங்கை நீலம் என்கிறாள். சித்தி சாம்பல் என்று சாதிக்கிறார். படத்திலோ வெளுத்துப்போய் எல்லோரும் ஒரே பழுப்பு. ஆனால் மேஜிக்காரன் பேச்சு நிஜம் என்று இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள். சாம்பல் கோட்டைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்களா? கத்தரிப்பூதான்.

5

இனி முடிவு. கல்யாணத்தன்று சித்தப்பா வாக்கைக் காப்பாற்றினாரா இல்லையா?

முதல் முடிவு: படம் எடுத்ததும் அவர் நேரே போய் அந்தக் கிளாஸை எடுக்கிறார். மகள் பட்டுப்புடவையோடு ஓடிவந்து அதைப் பிடுங்கி— வேண்டாம். பின்னணி இசை கேட்கிறது.

இரண்டாவது முடிவு: அந்த மண்டபத்துச் சர்வர் ஒருவர் வந்து எடுத்துப் போகிறார். சித்தப்பா பெருமூச்சு விடுகிறார். இது நடந்திருக்கலாம். ஆனால் ஒரு சர்வருக்குப் பதில் இன்னொரு சர்வர் என்று கணக்கை நேர் செய்வது அவருக்கே பிடிக்காது.

மூன்றாவது முடிவு: கிளாஸ் கீழே விழுந்து—

தங்கையிடமே கேட்டேன். "உனக்குத் தெரியும்தானே? அன்னைக்கு என்ன ஆச்சு?"

"தெரியும். சொல்ல மாட்டேன். அது எனக்கும் அப்பாவுக்கும்," என்றாள். இந்தத் தடவை அழுதாள். இதை நான் திருத்தப் போவதில்லை.

6

அதனால் ஒன்று செய்யலாம். உங்களையும் அந்தக் கல்யாணத்துக்கு அழைக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே யாரையும் உங்களுக்குத் தெரியாது. ஜூஸைக் குடித்து முடித்துவிட்டீர்கள். கிளாஸை எங்கே வைப்பது? மேசைகள் எட்டத்தில் இருக்கின்றன. பரிமாறுகிறவர்கள் எல்லோரும் பந்திப் பக்கம் போய்விட்டார்கள்.

உங்களுக்கு எதிரே கத்தரிப்பூ நிறக் கோட்டில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கைகள் இரண்டும் பைக்குள். உங்கள் கிளாஸ் காலியானதை உங்களுக்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். முகத்தில் ஒரு பழைய பணிவு வந்துவிட்டது. இடது பக்கத்துப் பை மெல்ல அசைகிறது. மேடையில் மாலையோடு நிற்கும் பெண் யாருக்கோ வணக்கம் சொல்வதைப் பாதியில் நிறுத்திவிட்டு, அப்பாவை விட்டுவிட்டு, உங்களையே பார்க்கிறாள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். கிளாஸ் உங்கள் கையில் இருக்கிறது.