நஜ்முன்னிசாவின் எவர்சில்வர் டப்பா

நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலமெல்லாம் பொய் கேட்டே சம்பளம் வாங்கினேன். கேட்டதில் நல்லவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு இப்போது ஸ்ரீரங்கத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். லால்குடி பாசஞ்சரில் ஒரு குரங்கு என்னிடம் சீசன் டிக்கெட் காட்டியது என்றால் யாரும் நம்புவதில்லை. தேதி முடிந்த டிக்கெட் என்பதால் நான்தான் அதை இறக்கிவிட்டேன்.

இப்படிப்பட்ட என்னை ஹனீஃபா பாய் ஜார்ஜியாவுக்குத் துணைக்கு அழைத்துப் போனார். பாய்க்கு மலைக்கோட்டை அடிவாரச் சந்தில் ஜவுளிக் கடை. கடைக்கு மேலேயே வீடு. அவருடைய கடைசிப் பெண் சம்ரீனுக்கு அந்த நாட்டில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம்தான் அனுப்பறதா வேண்டாமான்னு சொல்லுவேன்" என்றுவிட்டாள் அவளுடைய அம்மா நஜ்முன்னிசா. பாய்க்கு ஆங்கிலம் வராது. எனக்கு வரும். அவ்வளவுதான் என் தகுதி.

திரும்பி வந்த மறுநாள் காலை ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்து மேஜையில் எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. எங்களோடு ஜார்ஜியா போய்வந்த டப்பாதான். சம்ரீன் தங்கப்போகும் வீட்டுக்காரி தமாராவுக்கென்று நஜ்முன்னிசா அதில் தம்ரூட் செய்து கொடுத்தனுப்பியிருந்தாள். ரவையும் நெய்யும் போட்டு அடுப்பில் சுட்டெடுக்கும் பலகாரம். அதில் முட்டை உண்டு என்று, முட்டை நுழையாத வீட்டுக்காரனான என்னிடம் யாரும் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை.

இப்போது டப்பாவில் இருந்தவை வேறு. நூலில் வாதுமைக்கொட்டைகளைக் கோத்து, காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி உலரவைத்த, மெழுகுவத்தி போன்ற தின்பண்டங்கள்.

"அண்ணே, நீங்க உக்காருங்க" என்ற நஜ்முன்னிசா கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க கீழ கடைக்குப் போங்க."

"ஏன், நானும் இருக்கேனே."

"கூப்பிடறப்ப வாங்க. ரெண்டு பேரையும் சேத்து வச்சுக் கேட்டா ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துப் பேசுவீங்க."

பாய் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி படியிறங்கினார். சமையலறைத் திரைக்குப் பின்னால் சம்ரீனின் கால்விரல்கள் தெரிந்தன.

"சொல்லுங்கண்ணே. என்ன மாதிரி ஊரு?"

நான் உண்மையைச் சொன்னேன். அதுதான் பிசகு.

"நம்ம தமிழ்நாட்டுல பாதிதாம்மா இருக்கும். மேற்கே கடல், வாழைமரம். கிழக்கே புல்லு முளைக்காத பொட்டல். வடக்கே பனி மூடின மலை. ஒரு பள்ளத்தாக்கு தாண்டினா பாஷை மாறுது. தரையிலேருந்து தானா வெந்நீர் வருது, அதுல போய் எல்லாரும் குளிக்கிறாங்க."

"அடுப்பில்லாம?"

"அடுப்பில்லாம."

"ம். பள்ளிவாசல்?"

"இருக்கு. சுன்னத் ஜமாத்தும் ஷியாவும் ஒரே பள்ளியில நின்னு தொழறாங்க. அங்கேருந்து பொடிநடையா போனா யூதர் கோயில், ரெண்டு தினுசு சர்ச்சு. மேல ஒரு பாறை, பாறை மேல கோட்டை."

நஜ்முன்னிசா என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். என் வேலைக்காலத்தில் கழிவறையிலிருந்து வெளியே வருகிறவர்களை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"நத்தர்வலி தர்கா, லூர்து சர்ச்சு, மலைக்கோட்டை. நம்ம ஊரையே எனக்குத் திருப்பிச் சொல்றீங்களேண்ணே. ரெண்டு பேரும் பிளேன் ஏறினீங்களா, இல்ல திருவெறும்பூர்ல ரூம் போட்டுத் தங்கிட்டு வந்தீங்களா?"

"பாஸ்போர்ட்ல முத்திரை இருக்கும்மா."

"குரங்கு சீசன் டிக்கெட் எடுத்துச்சுன்னு சொன்னவருதானே நீங்க." அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் போகட்டும். அந்தத் தமாரா தம்ரூட் சாப்பிட்டாளா?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு துண்டு சாப்பிட்டா. நெய் வாசனையைப் பத்தி ரொம்ப நேரம் பேசினா."

"அப்படியா? சந்தோஷம்." படிக்கட்டுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "என்னங்க, மேல வாங்க!"

பாய் வந்தார். உட்காரக்கூட விடவில்லை.

"தமாராவுக்குத் தம்ரூட் பிடிச்சுதா?"

"அதை ஏன் கேக்கற. வாயிலயே வைக்கல. அவங்களுக்குச் சுகராம்."



"ஒருத்தருக்கு ரெண்டு துண்டு, ஒருத்தருக்குச் சுகர்" என்றாள் நஜ்முன்னிசா. "ஒரு பலகாரத்துக்கே இத்தனை பொய்னா, அந்த காலேஜு என்ன லட்சணத்துல இருக்கும்? நான் பெத்தவளை இவங்க பேச்சை நம்பி அனுப்பணுமாம். சம்ரீன்! நீ போகல. இங்கயே ஏதாவது படி."

திரை விலகியது. சம்ரீன் அழவில்லை. என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"காலேஜ் நல்ல காலேஜும்மா" என்றேன். "பிணம் அறுக்கற ரூம் வரைக்கும் பாத்தோம், பாய் மயங்கி விழுந்தாரு. அது நிஜம். தம்ரூட்தான் பொய். அதை நாங்க தின்னுட்டோம்."

"சாமி!" என்று என்னை அடக்கப் பார்த்தார் பாய்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். நாங்கள் போனபோது தமாரா ஊரில் இல்லை. மறுநாள்தான் வருவாள் என்றார்கள். அதற்குள் பனிமலையைப் பார்த்துவிடலாம் என்று கார் வைத்துக் கிளம்பினோம். ஓட்டல் அறையில் வைத்தால் எறும்பு வந்துவிடும் என்று டப்பாவையும் பாய் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் எறும்பு மட்டுமல்ல, ஈகூட இல்லை. பாதி மலையில் பனிச்சரிவு. வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு ஆட்டு மந்தை. அதன் வாலைப் பார்த்தேனே தவிரத் தலையைப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தது. வண்டியில் தின்னக்கூடியதாக இருந்தது அந்த டப்பா ஒன்றுதான்.

"ஒரு துண்டு மட்டும்னு சாமிதான் ஆரம்பிச்சாரு" என்றார் பாய்.

"நானா? கரண்டி இல்லாம எப்படித் தின்றதுன்னு விரலால காட்டிக்கொடுத்தது யாரு?"

"ஓரம் முறுகலா இருந்ததையெல்லாம் நீங்கதானே எடுத்தீங்க! எனக்கு ஒரு ஓரம்கூட விடல, நஜ்மா."

"டிரைவருக்கு ஒரு துண்டு குடுத்தேனே, அதையும் இவர்தாம்மா பாதி வாங்கித் தின்னாரு."

நஜ்முன்னிசா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப அவ வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போனீங்க?" என்றாள்.

"காலி டப்பாவை. கழுவக் கொஞ்சம் வெந்நீர் கேட்டோம்."

"காலி டப்பாவையா? வெக்கமா இல்ல?"

"இருந்துது. அவளே வாங்கிக் கழுவினா. மூடியில புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்குல்ல, அதைத் தடவிப் பாத்து இது என்னன்னு கேட்டா. வரப்போற பொண்ணோட அம்மா பேருன்னேன். காலைல கிளம்பறப்ப இப்படி நிரப்பிக் கையில குடுத்தா."

"நிஜமாவா?" என்று கணவரைக் கேட்டாள்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினார்.

அந்த வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். ஆனால் காலியாக வந்த பாத்திரத்தை நிரப்பிக் கொடுத்ததை நஜ்முன்னிசாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அவள் மூடியை எடுத்துத் தன் பெயரைத் தானும் ஒருமுறை தடவினாள். ஒரு மெழுகுவத்தியை எடுத்து முகர்ந்து, நுனியைக் கடித்து, சந்தேகத்தோடு மென்றாள்.

"நூலோட தின்னக் கூடாதும்மா."

"தெரியுது." நூலை உருவிப் போட்டாள். "சம்ரீன், ரவை எவ்வளவு இருக்குன்னு பாரு. டப்பாவைக் கழுவி வை. உன்கூட அது போகணும்."

திருச்சி விமான நிலையத்தில் சம்ரீனை வழியனுப்பப் போனபோது டப்பாவுக்குத் துணி சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டியிருந்தது. சம்ரீன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தாள். உதவி செய்யலாமே என்று கையை நீட்டினேன்.

"டப்பாவைக் கீழ வச்சுட்டுக் கட்டு சம்ரீன்" என்றாள் நஜ்முன்னிசா. "அண்ணே, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. அரவிந்தவல்லி அக்காகிட்ட தம்ரூட் செய்யறது எப்படின்னு போன்ல சொல்லட்டுமா?"

அரவிந்தவல்லி என் மனைவி. நான் அந்தப் பக்கம் போய் நின்றேன்.